முறை வைத்து அள்ளிய தண்ணீர்

கற்பிட்டிக்குப் போகும் வீதியில், ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் பெருங்கடலுமாகக் கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலத்தில் எங்கள் வளவு. 1990 நவம்பர் மழையில் வளவுக்குப் பின்னாலிருந்த தென்னந்தோட்டத்தில் மன்னாரிலிருந்து வந்த குடும்பங்கள் கிடுகு சாத்திக் குடியேறின. முதல் நாள் காலை ஒரு பெண் பானையோடு எங்கள் கிணற்றடிக்கு வந்து நின்றார். “ராத்தா, ஒரு பானை தண்ணி அள்ளட்டா?” என்றார். உம்மா அடுப்படியிலிருந்தே சத்தம் வைத்தார்: “கேட்டுக்கொண்டு நிக்காதீங்க, அள்ளுங்க.”

ஆறேழு மாதம் போக, அதே உம்மா மஃரிபுக்குப் பிறகு வாளியையும் கயிற்றையும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினார். அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு வீட்டுக்குத் தோண்டிய கிணற்றில் அறுபது பேர் அள்ளினால் அடிமண் கலங்கும். இந்த மணற்பூமியில் நன்னீர் ஒரு மெல்லிய படையாகத்தான் உவர்நீருக்கு மேல் மிதக்கிறது. அளவு மீறி இறைத்தால் உப்பு ஏறிவிடும். பிறகு ஒருநாள் பள்ளிவாசல் பெரியவர் ஒருவரும் முகாமிலிருந்து இரண்டு பெண்களும் வந்து எங்கள் திண்ணையில் இருந்து பேசினார்கள். சுபஹிலிருந்து வெயில் ஏறும்வரை முகாம், அஸருக்குப் பிறகு நாங்களும் அயலும், நடுவில் கிணறு ஊறட்டும் என்று முறை வைத்தார்கள். வருடத்துக்கு ஒருதரம் இரண்டு பக்க இளந்தாரிகளும் இறங்கிச் சேறு வாருவது என்றும் பேச்சு. அதன்பிறகு வாளி வீட்டுக்குள் வரவில்லை.

அரசியல் இருண்டுபோன காலத்தில் நம்பிக்கையை எங்கிருந்து எடுப்பது, அயலை எப்படிக் கட்டுவது என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் கிணற்றடிதான் நினைவுக்கு வரும். முதல் நாள் இரக்கத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். வாளி உள்ளே போன மாதங்களையும் அது திரும்ப வெளியே வந்த விதத்தையும் பற்றிப் பேசியது குறைவு. புத்தளக் கரையோரத்தின் முப்பத்தைந்து வருடத்தை இந்த இரண்டையும் மனதில் வைத்து ஒருமுறை திரும்பிப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

வந்தவர்கள் யார் என்பதை இளையவர்களுக்காகச் சொல்லியாக வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சாவகச்சேரியில் தொடங்கி, மன்னார்த் தீவு, முசலி, முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று நடந்து, ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்துக்கு வந்தது. அங்கே கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். சுமார் 75,000 பேர் வீடு, காணி, கடை, நகை எல்லாவற்றையும் விட்டு வந்தார்கள். மன்னார்க்காரர் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். யாழ்ப்பாணத்தார் வவுனியா, அநுராதபுரம் வழியாகத் தரைமார்க்கமாக வந்தார்கள். மிகப் பெரிய பங்கு புத்தளத்தில்தான் தங்கியது. கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை, பாலாவி, தில்லையடி, உப்பளத்தை அண்டிய வெளிகள் எல்லாம் சில வாரங்களில் கொட்டில்களால் நிறைந்தன.

அன்று அரசாங்கத்தின் கை எட்டுமுன் ஊரின் கை எட்டியது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்தன. வீட்டுக்கு வீடு சோறு சேர்த்து அனுப்பினார்கள். புத்தளத்துக்குத் தன் சொந்தக் காயம் ஒன்றும் இருந்தது. 1976 பெப்ரவரியில் பெரிய பள்ளிவாசலுக்குள் பொலிஸார் சுட்டதில் உயிர்கள் போயிருந்தன. ஆட்சி கைவிட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஊர் அது. அந்த அறிவும் சேர்ந்துதான் கதவைத் திறந்தது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் இரக்கம் ஒரு பருவத்துப் பயிர். அடுத்த சில வருடங்களில் வந்த கசப்பை மறைத்து எழுதினால் அது இரண்டு பக்கத்துக்கும் துரோகம். கற்பிட்டிக் குடாவின் வெங்காயத் தோட்டங்களிலும் மிளகாய்த் தோட்டங்களிலும் அகதிப் பெண்கள் குறைந்த கூலிக்கு இறங்கினார்கள். ஏற்கெனவே கூலிக்குப் போய்க்கொண்டிருந்த உள்ளூர்ப் பெண்களுக்கு வேலை குறைந்தது. பாடசாலைகள் காலை, மாலை என்று இரண்டு நேரமாக நடந்தன. முகாமுக்கு நிவாரண அட்டை, வேலிக்கு இந்தப் பக்கம் அதே அளவு ஏழைக்கு ஒன்றுமில்லை. பல்கலைக்கழக அனுமதியில், அரச நியமனத்தில், வாக்காளர் இடாப்பில் எல்லாம் “எங்கட பங்கு குறையுது” என்ற பேச்சு எழுந்தது. “அகதி” என்ற சொல் முதலில் பரிதாபத்தோடு சொல்லப்பட்டு, பிறகு ஏச்சாக மாறியதை என் காதால் கேட்டிருக்கிறேன். நோர்வேயைச் சேர்ந்த புவியியலாளர் கத்ரின் ப்ரூன் இந்த உறவின் நெருக்கத்தையும் விரிசலையும் பல வருடம் ஆராய்ந்து 2008இல் நூலாக்கினார். தேசியக் கட்சிகளும் முஸ்லிம் கட்சிகளும் இந்த விரிசலை வாக்குப் பெட்டிக்கு வழியாக்கிக்கொண்டன. வேலை தருவேன், வீடு தருவேன் என்று தன் ஆட்களுக்கு மட்டும் தரும் அரசியல் இங்கே ஆழமாக வேரோடியது அந்த வருடங்களில்தான்.

எலினோர் ஒஸ்ட்ரம் என்ற அரசறிவியல் அறிஞர், பொதுவளங்களை மக்கள் தாங்களே ஆளும் விதத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது வெளிவந்ததும் 1990ஆம் ஆண்டு. பின்னாளில், 2009இல், அவருக்குப் பொருளியல் நோபெல் பரிசு கிடைத்தது. அந்த நூலில் இலங்கையின் தென்கரையில் உள்ள மாவெல்ல என்ற மீனவ ஊர் வருகிறது. கரைவலை வைத்திருப்பவர்கள் முறை வைத்து வலை இழுப்பது அங்கே வழக்கமாயிருந்தது. 1938 அளவில் 20ஆக இருந்த வலைகள் 1971க்குள் பல மடங்காகப் பெருகின. அரசியல் செல்வாக்குள்ளவர்கள் எல்லை விதிக்க விடவில்லை. முறை தொடர்ந்தது, ஆனால் ஒருவருக்கும் பங்கு போதவில்லை. நிவாரண அரசியல் எங்கள் ஊருக்குச் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். வரிசையில் நிற்பவனுக்குத் தன் முறை வரும் என்ற உறுதி போய்விட்டால், பக்கத்தில் நிற்பவன் எதிரியாகிவிடுகிறான்.

இதற்கு எதிர்மாறான வழக்கமும் இதே கரையில் உண்டு. எங்களுக்குத் தெற்கே நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலைக்காரர்கள் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த இடம் என்று தீர்க்கிறார்கள். தமிழ்நாட்டுப் பழவேற்காட்டு ஏரியில் இதைப் பாடு என்கிறார்கள். நல்ல இடம் இன்று உனக்கு, நாளை எனக்கு. கடலோர மக்கள் ஒருவரை ஒருவர் எப்போதும் நேசித்து வாழ்ந்தவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நேசிக்காத நாளிலும் சேர்ந்து தொழில் செய்ய அவர்களிடம் ஒரு முறை இருந்தது. தமிழில் முறை என்ற சொல்லுக்கு வரிசை என்றும் உறவு என்றும் நீதி என்றும் பொருள் உண்டு. என் கிணற்றடியில் இந்த மூன்றும் இந்த ஒழுங்கிலேயே வந்தன. முதலில் வரிசை வந்தது. வரிசை நிலைத்தபிறகு உறவு வந்தது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள், கூப்பிட்டோம்.

முகாமில் இருந்தவர்கள் தங்கள் பங்குக்கு என்ன கட்டினார்கள் என்பதைப் பார்க்கவேண்டும், ஏனென்றால் அகதி என்றால் வாங்குபவர் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அவர்கள் முதலில் கட்டியது ஊர்ப் பெயரை. மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியார் பாலாவிக்குப் பக்கத்தில் நாகவில்லுவில் தங்கள் ஊர்ப் பாடசாலையையே அதே பெயரில் மீண்டும் எழுப்பினார்கள். பாடசாலைச் சுவரில் தன் ஊர்ப் பெயரைப் பார்த்து எழுத்துக்கூட்டிய பிள்ளை, அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. மானுடவியலாளர் ஷாரிகா திராணகம 2011இல் வெளியிட்ட தன் நூலில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முஸ்லிம்களின் ஊர் என்ற உணர்வு புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளிடம் எப்படிக் கைமாறுகிறது என்று நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்.

இரண்டாவது, கணக்கு. இழந்தது என்ன என்று எழுதி வைத்தார்கள். எருக்கலம்பிட்டியில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியராக இருந்த எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் இந்த வேலையைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். எந்தக் கிராமத்திலிருந்து எத்தனை குடும்பம், எவ்வளவு காணி, எத்தனை கடை, எத்தனை பள்ளிவாசல் என்று ஆட்களை வைத்துத் திரட்டினார். 2001இல் வந்த அவருடைய ஆங்கில நூல், மறக்கப்பட்ட மக்கள் என்றே இவர்களை அழைத்தது. 2018இல் அவர் காலமாகும்வரை தமிழர்களோடும் முஸ்லிம்களோடும் ஒரே மேசையில் இருந்து பேசும் முயற்சியை விடவில்லை. துரத்தியவர்கள் பேசிய அதே மொழியில், அந்த மொழிக்காரர்களையே நண்பர்களாக்கிக்கொண்டு நீதி கேட்ட மனிதர். எனக்கு இந்தக் கரையோர வரலாற்றில் அவரைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

2002 ஏப்ரல் 10ஆம் திகதி கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில், புலிகளின் தலைவர் பிரபாகரன் பக்கத்தில் இருக்க, அவர்களின் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டார். முகாமில் அதைக் கேட்ட பெரியவர்கள் அழுதார்கள். ஆனால் ஒரு வசனத்தால் காணி திரும்பவில்லை. போர் 2009இல் முடிந்தபிறகும் அரசு இந்த வெளியேற்றத்தை விசாரிக்க ஒரு தனி ஆணைக்குழு வைக்கவில்லை. சட்டம், சமூக அறக்கட்டளை என்ற கொழும்பு அமைப்புதான் குடிமக்கள் ஆணைக்குழு ஒன்றை அமைத்து, ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் பெற்று, 2011இல் அறிக்கை தந்தது. அதிகாரம் எதுவும் இல்லாத ஆணைக்குழு. ஆனாலும் இருபது வருடமாக ஒருவரும் கேட்காததை ஒருவர் எதிரே இருந்து கேட்டு எழுதிக்கொண்டபோது, சொன்னவரின் முதுகு நிமிர்ந்தது.

மூன்றாவது, பெண்கள் கட்டியது. இதைப் பற்றி நம் ஆண்கள் எழுதிய கட்டுரைகளில் ஒரு வரிதான் இருக்கும். முகாமில் ஆண்களுக்குத் தொழில் போனது. வடக்கில் கடையும் தோட்டமும் வைத்திருந்தவர் இங்கே திண்ணையில் குந்தினார். வெங்காயப் பாத்திக்கும் கிராம சேவகர் வாசலுக்கும் போனது பெண்கள். அப்படிப் போனபோது அவர்களுக்குள் பேச்சு வந்தது, பேச்சிலிருந்து அமைப்பு வந்தது. தானும் வெளியேற்றப்பட்டவரான ஜுவைரியா மொஹிதீன் புத்தளத்தில் முஸ்லிம் பெண்களுக்கான அமைப்பு ஒன்றைக் கட்டினார். அடிபட்ட பெண், காதி நீதிமன்றத்தில் அலைக்கழிந்த பெண், பதினாறு வயதுக்கு முன் கட்டிக்கொடுக்கப்பட்ட பிள்ளை எல்லோரும் அங்கே வந்தார்கள். மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட ஷிரீன் சரூர் தமிழ்ப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒரே சங்கத்தில் சேர்த்து மன்னாரில் வேலை செய்தார்.

இந்தப் பெண்கள் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தச் சொன்னபோது தங்கள் சமூகத்துக்குள்ளேயே ஏச்சு வாங்கினார்கள். மணமகளின் கையெழுத்துக் கூடத் தேவையில்லாத சட்டம் அது. பெண் காதியாக வர முடியாத சட்டம். “பௌத்த கடும்போக்காளர்கள் நம்மேல் பாயும் நேரத்தில் இதை ஏன் கிளறுகிறீர்கள்” என்றார்கள். 2009இல் அமைக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு தன் அறிக்கையைத் தர 2018 ஆகிவிட்டது. கெட்ட காலம் என்பதால் வீட்டுக்குள் நடக்கும் அநியாயத்துக்கு வாய் மூடவேண்டும் என்ற வாதத்தை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். கிணற்றில் நமக்குள்ளேயே பெண்பிள்ளைக்கு முறை தராமல், வெளியாரிடம் முறை கேட்க நமக்கு என்ன தகுதி?

இடையில் நடந்த சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2007இல் உலக வங்கி நிதியில் தொடங்கிய வீட்டுத் திட்டம் கிடுகுக் கொட்டில்களைக் கல்வீடாக்கியது. சுற்றியிருந்த ஊர்க் குடும்பங்களையும் அதன் பயனில் சேர்த்தது சரியான முடிவு. நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கி 900 மெகாவாட்டாக வளர்ந்த நிலக்கரி மின்நிலையம் நாட்டுக்கு வெளிச்சமும் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சாம்பலும் தந்தது. திரும்பிப் போக முயன்ற முசலி மக்கள், இருபது வருடத்தில் தங்கள் காணியில் காடு வளர்ந்திருப்பதையும் 2012இல் அதில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்ட வனமாக வர்த்தமானியில் வந்துவிட்டதையும் கண்டார்கள். “வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள்” என்ற பழியும் தலையில் விழுந்தது.

2018இல் வந்த குப்பைப் போராட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டன்று, கொழும்பு மீதொட்டமுல்லயில் குப்பைமலை சரிந்து 32 பேர் இறந்தார்கள். கொழும்பின் குப்பையை வண்ணாத்திவில்லுப் பிரதேசத்து அறுவைக்காட்டில், சீமெந்துக்காகச் சுண்ணக்கல் தோண்டிய குழிகளின் பக்கம் கொட்டுவது என்று அரசு முடிவெடுத்தது. தூரம் சுமார் 170 கிலோமீற்றர். பக்கத்தில் வில்பத்து, கீழே களப்பு. 2018 செப்டெம்பர் கடைசியில் புத்தளம் நகரில் ‘கிளீன் புத்தளம்’ என்ற பெயரில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. நூறு நாளைத் தாண்டியும் பந்தல் நின்றது. உள்ளூர்க்காரர், வடக்கிலிருந்து வந்தவர், முஸ்லிம், சிங்களவர், தமிழர், மௌலவி, பாதிரியார், மீனவர், மாணவர் எல்லோரும் அங்கே மாறிமாறி உட்கார்ந்தார்கள். பந்தலிலும் முறைதான்: இன்று இந்த ஊர், நாளை அந்த ஊர். “அகதி” என்ற சொல் அந்தப் பந்தலுக்குள் காதில் விழவில்லை. களப்பு கெட்டால் இறால் எல்லோருக்கும்தான் இல்லை.

போராட்டம் வென்றது என்று எழுத ஆசை. வெல்லவில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. அதற்கு மூன்று மாதம் முன்பே வண்ணாத்திவில்லுத் தென்னந்தோட்டம் ஒன்றில் வெடிபொருட்கள் அகப்பட்டிருந்ததால் மாவட்டத்தின் முஸ்லிம்கள்மேல் சந்தேகக் கண் விழுந்தது. அவசரகாலச் சட்டத்தில் கூட்டம் கூடுவதே பயமாகிவிட்டது. ஓகஸ்ட்டில், அந்தச் சட்டம் நடப்பில் இருக்கும்போதே, குப்பை லொறிகள் வரத் தொடங்கின.

அதற்கு முன்பே, மே 12ஆம் திகதி, சிலாபத்தில் ஒரு முகநூல் பதிவைச் சாட்டி முஸ்லிம் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். மறுநாள் இதே மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளி தன் வீட்டில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் பெயரை எழுதவில்லை; அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வடக்கே புத்தளத்தில் மாதக்கணக்காக ஒரே பந்தலில் உட்கார்ந்த உறவு, தெற்கே சிலாபம், நாத்தாண்டியாவுக்கு எட்டவில்லை. மாவட்டம் ஒன்றுதான்; ஆனால் அந்தப் பக்கத்து மக்களோடு நமக்குப் பொதுவான கிணறு எதுவும் இருக்கவில்லை. தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கும் முன்னேஸ்வரத்துக்கும் எல்லா இனத்தாரும் வருகிறார்கள் என்று பெருமை பேசுகிறோம். திருவிழா வருடத்தில் சில நாள். மீதி நாளெல்லாம் சேர்ந்து ஒரு கணக்குப் பார்க்க, ஒரு வாய்க்கால் வெட்ட, ஒரு சங்கம் நடத்த நம்மிடம் என்ன இருந்தது என்ற கேள்விக்கு எனக்குப் பதில் இல்லை. நம்முடைய பெரிய தோல்வி அங்கேதான் என்று எண்ணுகிறேன்.

அதே வருடம் நவம்பர் 16ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலன்று, வாக்கு இன்னும் மன்னாரில் பதிவாயிருந்த மக்கள் புத்தளத்திலிருந்து பஸ்களில் புறப்பட்டார்கள். வழியில், தந்திரிமலையில், சிலர் மரத்தையும் டயரையும் போட்டு வீதியை மறித்து, பஸ்கள்மேல் கல்லெறிந்து சுட்டார்கள். உயிர் போகவில்லை. பொலிஸ் வந்து வழி திறந்தபிறகு பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பி வரவில்லை. மன்னாருக்குப் போய் வாக்களித்தார்கள். யாருக்கு வாக்களித்தார்கள், அவர் வென்றாரா என்பது வேறு கதை. உடைந்த கண்ணாடிச் சில்லைச் சீட்டிலிருந்து தட்டிவிட்டு உட்கார்ந்து போனவர்களைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வருடம் பயம் எழுத்துக்கும் வந்தது. மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் புத்தளத்தில் ஆசிரியராக இருந்தார். 2017இல் அவர் வெளியிட்ட ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்று 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்தார்கள். தமிழ் தெரிந்தவர்கள் படித்துவிட்டு, இது வன்முறையைக் கண்டிக்கும் கவிதை என்று சொன்னார்கள். சொன்னவர்களில் முஸ்லிம்கள் மட்டும் இல்லை. வடக்கு, கிழக்குத் தமிழ் எழுத்தாளர்களும் புலம்பெயர்ந்தவர்களும் குரல் கொடுத்தார்கள், அவருக்காக வாதாட வந்தவர்களில் சிங்களச் சட்டத்தரணியும் இருந்தார். 1990இல் தமிழ் பேசியும் தமிழராக எண்ணப்படாமல் துரத்தப்பட்ட சமூகத்தின் பிள்ளைக்காக, முப்பது வருடம் கழித்துத் தமிழ் வாசகர்கள் அவன் கவிதையை எடுத்து வரிவரியாகப் படித்தார்கள். 2021 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் பிணை தந்தது. 2023 டிசம்பரில் விடுதலை செய்தது. பத்தொன்பது மாதச் சிறையை யாரும் திருப்பித் தரமுடியாது. ஆனாலும் அந்த வாசிப்பு ஒரு மீள்குடியேற்றம்.

2022இல் நாடே வரிசையில் நின்றது. மண்ணெண்ணெய் இல்லாமல் கற்பிட்டிக் கரையில் சிறு வள்ளங்கள் மணலில் கிடந்தன. ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. அந்த மாதங்களில் எங்கள் பக்கத்தில் சிலர் இரண்டு மூன்று வள்ளத்துக்கு ஒரு வள்ளம் என்று சேர்ந்து கடலுக்குப் போய் மீனைப் பங்கிட்டார்கள். ஒருவர் உள்ளூர்க்காரர், ஒருவர் எருக்கலம்பிட்டி வழி, ஒருவர் உடப்பில் பெண் எடுத்த தமிழர். யாரும் அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை. இன்று என் வள்ளம், நாளை உன்னுடையது.

உம்மா மௌத்தாகி ஒன்பது வருடம். பின்தோட்டத்தில் இப்போது கிடுகு இல்லை. கல்வீடுகள், இரண்டு மாடி கூட உண்டு. சில குடும்பங்கள் மன்னாருக்குத் திரும்பிவிட்டன, சில குடும்பங்கள் பாதி அங்கும் பாதி இங்கும். குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதால் கிணற்றில் குடிக்க அள்ளுவது நின்றுபோயிற்று. உரம் இறங்கி இந்தக் குடாவின் கிணறுகள் பலவும் கெட்டுவிட்டன. போன மாரிக்கு முன் என் மகன், கிணற்றை மூடிவிடலாமா என்று கேட்டான். அன்று பானையோடு வந்த பெண்ணின் பேரன் பக்கத்தில் நின்றான். மூடவேண்டாம், குழாய் நிற்கும் நாளில் தேவைப்படும், இந்த வருடச் சேறு வாருவது தங்கள் முறை என்றான்.